காட்டு ஓடையில் விழுந்த மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மலைக்காடுகளில் நடப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும்: ஓடைக்குள் இத்தனை மரம் விழுந்து கிடக்கிறதே, ஏன் யாரும் எடுக்கவில்லை? ஒரு காலத்தில் எடுத்தார்கள், அதுவும் அரசுச் செலவில், பல பத்தாண்டுகளுக்கு. இன்று அதே அரசுத் துறைகள் ஹெலிகாப்டரில் மரத்தைத் தூக்கிவந்து அதே ஓடைகளில் போடுகின்றன. நடுவில் என்ன புரிந்தது என்பதுதான் இந்தப் பக்கம். ஓடைமரம் பற்றிய ஆராய்ச்சி பெருமளவு அந்த ஊர்களில்தான் வளர்ந்தது, அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

எந்த அளவு மரத்தைப் பற்றிப் பேசுகிறோம்? குச்சியும் கணக்கில் வருமா?

ஆய்வாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு 10 செ.மீ. தடிமன், 1 மீட்டர் நீளம். அதற்குக் கீழே உள்ளது சுள்ளி. சுள்ளிக்கும் வேலை உண்டு, ஆனால் அதைப் பிடித்து நிறுத்த ஒரு பெரிய கட்டை வேண்டும்.

விழுந்த மரம் ஓடைக்குள் உண்மையில் என்ன செய்கிறது?

ஒரே ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் அகலத்தில் சரிவான ஓடை. குறுக்கே ஒரு மீட்டர் தடிமனுள்ள டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம், இரண்டு கரையிலும் ஊன்றிக் கிடக்கிறது.

முதலில் தண்ணீர் வந்து மோதும் பக்கம். சரளைக்கல் கட்டையின் உச்சி வரை நிரம்பி, படுகை ஏறக்குறைய மட்டமாகியிருக்கும். சரளைக்கு மேல் ஊசியிலை, ஆல்டர் மரத்தின் சருகு, பட்டைத் துண்டு எல்லாம் கறுத்துப்போய் அடை அடையாகப் படிந்திருக்கும். ஓரத்தில் பழுப்பு நுரை தேங்கி நிற்கும். அந்தச் சருகு அடையை விரலால் பிரித்தால் உள்ளே இலையை அரித்துக்கொண்டிருக்கும் பூச்சிப் புழுக்கள் நெளியும். இனி கீழ்ப்பக்கம். கட்டையைத் தாண்டி வழியும் தண்ணீர் விழுந்து விழுந்து ஒரு மடுவைக் குடைந்திருக்கும். மடுவின் ஓரம், கட்டையின் நிழலில், ஓட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துக்கொண்டு ஒரு கட்த்ரோட் டிரவுட் மீன் நிற்கும். மேலிருந்து வரும் இரை வாய்க்கு எதிரே வந்து விழும், ஓட்டத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அதனால்தான் அந்த இடம்.

இப்படிக் கட்டைக்குக் கட்டை படியாக இறங்கும் ஓடையில், தண்ணீரின் விசையில் பெரும்பங்கு அது விழும் இடங்களிலேயே செலவாகிவிடும். கட்டையை எடுத்தால் விசை மிச்சமாகும். மிச்சமான விசை படுகையையும் கரையையும் அறுக்கும். கட்டைக்குப் பின்னால் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த சரளை ஒன்றிரண்டு வெள்ளத்தில் போய்விடும். சில இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. கட்டை தேக்கி வைத்த சரளைக்குள் தண்ணீரில் ஒரு பகுதி இறங்கி, கற்களுக்கு இடையே மெல்ல ஊர்ந்து, கட்டைக்குக் கீழே மறுபடி வெளிவருகிறது. கோடைப் பகலில் அப்படி ஊறி வரும் நீர், மேலே வெயிலில் ஓடும் நீரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த நீரில் வாழும் மீன்களுக்கு அந்த ஊற்றுவாய்தான் கோடைக்கால அடைக்கலம்.

மரம் ஓடைக்கு எப்படி வந்து சேர்கிறது?

காற்றில் சாயும், வயதாகிச் சாயும், கரை அரிக்கப்பட்டு வேரோடு சரியும். செங்குத்தான மலைகளில் இவற்றைவிடப் பெரிய வழி நிலச்சரிவு. கனமழையில் ஒரு மலைமடிப்பு சரிந்தால் மண், பாறை, மரம் எல்லாம் சேர்ந்து சேற்று வெள்ளமாக ஓடையில் இறங்கும். அந்த நேரத்துக்கு அது பேரழிவுதான். ஆனால் அடுத்த நூறு ஆண்டுக்கு வேண்டிய சரளையும் கட்டையும் கீழ் ஓடைகளுக்குக் கிடைப்பதும் அப்படித்தான்.

வெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகாதா?

கட்டையின் நீளத்துக்கும் ஓடையின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஓடையைவிட நீளமான மரம் சுலபத்தில் நகராது. வேர்த்தூரோடு விழுந்தது இன்னும் நகராது, தூர் நங்கூரமாக இருக்கும். தலைமடையில் உள்ள சிற்றோடைகளில் மரம் விழுந்த இடத்திலேயே கிடந்து மட்குவதற்கு இதுதான் காரணம்.

ஓரிகனின் காஸ்கேட் மலையில் ஹெச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக் காடு இருக்கிறது. 1948-இல் தொடங்கியது, சுமார் 6,400 ஹெக்டேர். அங்கே ஐந்நூறு வயது மரங்கள் நிற்கும் பழங்காட்டுக்குள் மேக் கிரீக் என்று ஓர் ஓடை. அதில் கிடக்கும் கட்டைகளுக்கு எண் தகடு அடித்து, எது எங்கே நகர்கிறது என்று பல பத்தாண்டுகளாகப் பதிந்துவருகிறார்கள். 1996 பிப்ரவரியில் அந்த வட்டாரத்தையே புரட்டிய வெள்ளம் வந்தபோதும் மேக் கிரீக்கின் பெரும்பாலான கட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அகலமான ஆறுகளில் கதை வேறு. அங்கே மரம் மிதந்து போய், தூர் தட்டும் இடத்தில் ஒன்று நிற்கும். அதில் இன்னொன்று மாட்டும், அப்புறம் நூறு மாட்டும். வாஷிங்டனின் ஒலிம்பிக் மலையில் உற்பத்தியாகும் குவீட்ஸ் ஆற்றில் இப்படி உண்டான கட்டை அடைசல்களை 1990-களில் டிம் ஆப், டேவிட் மான்ட்கோமரி இருவரும் ஆராய்ந்தார்கள். அடைசலின் முனையில் ஆழமான மடு. அதன் முதுகுப்புறம் மண் சேர்ந்து திட்டாகி, திட்டில் மரம் முளைத்து, அது தீவாகி, காடாகிறது. அந்தக் காட்டு மரம் முற்றி ஆற்றில் விழுந்தால் அடுத்த அடைசலுக்கு முதல் கட்டை தயார்.

தண்ணீரில் கிடந்தால் அழுகாதா? எவ்வளவு காலம் தாங்கும்?

முழுக்க மூழ்கிய மரம் நாம் நினைப்பதைவிட மிக மெதுவாகத்தான் அழுகும். மரத்தை உள்ளிருந்து மட்கவைக்கும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். நீரில் ஊறிய கட்டைக்குள் ஆக்சிஜன் போகாது, அதனால் மட்குவது மேல்தோலோடு நின்றுவிடுகிறது. பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடக்கும் மரம்தான் சீக்கிரம் போகும்.

மரத்தின் சாதியும் முக்கியம். ஆல்டர் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடும். சிடாரும் டக்ளஸ் ஃபிரும் நூறாண்டைத் தாண்டியும் கிடக்கும். எப்படித் தெரியும் என்றால், ஓடைக்குக் குறுக்கே விழுந்த மரத்தின் மேலேயே ஹெம்லாக் கன்று முளைத்து மரமாகியிருக்கும். அதன் வளையங்களை எண்ணினால் அடியில் உள்ள கட்டை குறைந்தது எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆண்ட்ரூஸ் காட்டில் ஃப்ரெட் ஸ்வான்சன் என்ற நிலவியலாளர் 1970-களில் இந்த வழியில்தான் காலம் கணித்தார்.

அதே காட்டில் 1985-இல் மார்க் ஹார்மன் தொடங்கிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டைகளை அடுக்கி, அவை மட்குவதை 200 ஆண்டுகளுக்குப் பார்ப்பது என்று திட்டம். ஆரம்பித்தவர் முடிவைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஆரம்பித்த ஆராய்ச்சி. மரத்தின் கணக்கு அப்படி.

இந்த மரத்தைத் தின்னும் உயிர் ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. லாரா அவாரா என்ற நீர்வண்டின் புழு ஊறிய கட்டையின் மேல்தோலைச் சுரண்டித் தின்றே வாழ்கிறது. கட்டையில் அது போன தடம் ஆழமில்லாத பள்ளமாகத் தெரியும். மரத்தில் சத்து மிகக் கம்மி, அதனால் புழு வளர்ந்து வண்டாகவே பல ஆண்டுகள் பிடிக்கும். மற்ற பெரும்பாலான பூச்சிகளுக்குக் கட்டை உணவல்ல, இடம். ஒட்டிக்கொள்ள, ஒளிந்துகொள்ள, முட்டையிட, மேலே படியும் பாசியை மேய.

மணற்படுகை ஆறுகளில் இந்த 'இடம்' எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் சட்டில்லா ஆறு நல்ல சாட்சி. மணல் ஓயாமல் நகரும், அதில் பூச்சி காலூன்ற முடியாது. 1980-களில் ஆர்தர் பென்கேயும் சகாக்களும் அளந்து பார்த்தார்கள். ஆற்றின் வாழிடப் பரப்பில் மரக்கட்டைகளின் பங்கு ஏறக்குறைய 4 விழுக்காடு. ஆனால் அந்த ஆற்றில் உள்ள முதுகெலும்பில்லா உயிர்களின் மொத்த எடையில் சுமார் 60 விழுக்காடு அந்தக் கட்டைகளில்தான் இருந்தது. மீன்களும் அதற்கேற்ப அங்கேதான் மேய்ந்தன.

சருகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிழல் மூடிய காட்டோடையில் பாசி அதிகம் வளராது. ஓடையின் அன்றாடச் சாப்பாடு கரையிலிருந்து விழும் இலைதான். ஆனால் இலை விழுந்தவுடன் சாப்பாடாகிவிடாது. நுண்ணுயிர் படர்ந்து இளக வேண்டும், அதற்குச் சில வாரங்களாவது ஆகும். அதுவரை இலையை ஓடைக்குள்ளேயே யாராவது பிடித்து வைக்க வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பார்ட் புரூக் காட்டில் ராபர்ட் பில்பியும் ஜீன் லைக்கன்ஸும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். சிறிய ஓடை ஒன்றில் 175 மீட்டர் நீளத்துக்கு, கட்டையும் சுள்ளியும் சேர்ந்து உண்டான அடைப்புகள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். அதுவரை ஓடைக்குள் தங்கிய கரிமப் பொருள் பல மடங்காகக் கீழே போக ஆரம்பித்தது. 1980-இல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓடையில் உள்ள கரிமப் பொருளில் இந்த அடைப்புகளில் தங்கியிருப்பது மிகச் சிறிய, முதல் வரிசை ஓடைகளில் ஏறக்குறைய 75 விழுக்காடு, அடுத்த அளவு ஓடைகளில் 58, மூன்றாம் வரிசையில் 20. ஓடை எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அது கட்டையை நம்பி வாழ்கிறது. நடைமுறையில் சட்டம் குறைவாகப் பாதுகாப்பதும் அந்தச் சின்ன ஓடைகளைத்தான், இது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

சால்மன் மீனோடு இதை ஏன் எப்போதும் சேர்த்துப் பேசுகிறார்கள்?

கடலில் வளரும் சால்மன் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருகிறது. பெண்மீன் வாலால் சரளையைத் தோண்டிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். முட்டை மாதக்கணக்கில் கல்லிடுக்கில் கிடக்கும், கற்களுக்கு இடையே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சரளையே இல்லாத பாறைப்படுகையில் இது நடக்காது. சரிவான ஓடைகளில் சரளையைப் பிடித்து வைப்பது கட்டை.

இது முதல் கட்டம்தான். கோஹோ வகைக் குஞ்சு பொதுவாக ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே இருந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது. நடுவில் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும், அந்த ஊரில் குளிர்காலம்தான் வெள்ளக்காலம். விரல் நீளக் குஞ்சு வெள்ளத்தில் நீந்தி ஜெயிக்க முடியாது. கட்டை தடுத்த மடு, ஒதுங்கிய கிளை ஓடை, வேர்த்தூரின் இடுக்கு, இவற்றில் எதிலாவது புகுந்துகொண்டால்தான் பிழைக்கும். கோஹோ எத்தனை பிழைக்கும் என்பதைப் பல ஓடைகளில் முட்டையின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, குளிர்காலத்துக்கு ஒதுங்க இடமிருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

முட்டையிட்டதும் தாய்மீன் சாகிறது. கடலில் தின்று சேர்த்த நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்த உடலில் இருக்கின்றன. கட்டை இருந்தால் பிணம் அதில் மாட்டி நிற்கும், கரடியும் ரக்கூனும் பூச்சியும் தின்னும், மிச்சம் கரைமரத்தின் வேருக்குப் போகும். கட்டை இல்லாத ஓடையில் அடுத்த மழைக்கே பிணம் கடலுக்குத் திரும்பிவிடும்.

கட்டை அடைத்தால் மீன் மேலே ஏற முடியாதே?

அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். இந்த விஷயத்தின் வரலாறே அந்த ஒரு நினைப்பில்தான் சுழல்கிறது.

அந்த நினைப்பு வருவதற்கு முன்பே ஓடைகளில் கிடந்த மரம் பாதி காலியாகியிருந்தது. 1880-களிலிருந்து மரக்கம்பெனிகள் ஓடைகளில் மரத்தாலான தற்காலிக அணை கட்டி, தண்ணீரையும் வெட்டிய மரங்களையும் தேக்கி, ஒரே நேரத்தில் திறந்துவிடும். வழியில் கிடந்த பழைய கட்டை, பாறை எல்லாவற்றையும் முன்கூட்டியே வெடிவைத்து அகற்றியிருப்பார்கள். திறந்துவிட்ட வெள்ளம் படுகையைச் சுரண்டிக்கொண்டு போகும். ஓரிகன் கடலோர மலைகளில் சில ஓடைகள் இன்றும் வெறும் பாறையாக ஓடுவதற்கு இதுவும் காரணம்.

அப்புறம் லாரியும் சாலையும் வந்தன. வெட்டிய காட்டின் கழிவு, அதாவது கிளை, இலை, துண்டு எல்லாம் ஓடைக்குள் தள்ளப்பட்டது. அது உண்மையிலேயே கெடுதல். ஓரிகனின் ஆல்சி வடிநிலத்தில் 1959 முதல் 1973 வரை நடந்த ஆய்வில், கரைவரை மொட்டையடித்த நீடில் பிராஞ்ச் ஓடையில் வெட்டுக்குப் பிறகு ஆக்சிஜன் குறைந்தது, கோடை உச்ச வெப்பம் 30 டிகிரி செல்சியஸை நெருங்கியது. 1964 கிறிஸ்துமஸ் நேரத்து வெள்ளத்தில் மிதந்துவந்த மரம் பாலங்களை உடைத்ததும் மக்கள் மனதில் நின்றது. எனவே ஓடையைச் 'சுத்தம்' செய்வது நல்ல காரியம் என்று ஆனது. கழிவை எடுக்கப் போனவர்கள், நூறாண்டாகக் கிடந்த கட்டையையும் சேர்த்து எடுத்தார்கள். மீன்வளத் துறையினரே முன்னின்றார்கள் என்பதுதான் விசித்திரம்.

1970-களின் நடுவிலிருந்து ஸ்வான்சன், ஜிம் செடல், ஸ்டான் கிரெகரி முதலானவர்கள் பழங்காட்டு ஓடைகளை அளந்து காட்டியபோதுதான் காற்று திரும்பியது. மீனுக்குத் தடை என்று நினைத்த அடைசல்களில் பெரும்பாலானவற்றை வெள்ளக்காலத்தில் மீன் தாண்டிவிடுகிறது. உண்மையில் வழியை மறிக்கும் அடைசல் சில உண்டு, அவையும் காலப்போக்கில் உடையும்.

பெரிய ஆறுகளிலும் இவ்வளவு மரம் இருந்ததா?

இன்றைய ஆற்றைப் பார்த்து அன்றைய ஆற்றைக் கற்பனை செய்ய முடியாது. லூசியானாவில் ரெட் ரிவர் ஆற்றை 'கிரேட் ராஃப்ட்' என்ற மர அடைசல் 250 கிலோமீட்டருக்கும் மேல் மூடிக் கிடந்தது. 1833-இல் ஹென்றி ஷ்ரீவ் நீராவிப் படகுகளோடு உடைக்க ஆரம்பித்து 1838-இல் வழி திறந்தார். ஷ்ரீவ்போர்ட் நகரின் பெயர் அவருடையதுதான். அடைசல் மறுபடி சேர்ந்தது, 1873-இல் நைட்ரோகிளிசரின் வைத்துத்தான் தீர்த்தார்கள். ஓரிகனின் வில்லமெட் ஆற்றிலிருந்து 1870-க்கும் 1950-க்கும் இடையே படகுப் போக்குவரத்துக்காக எடுக்கப்பட்ட கட்டைகளும் கரைமரங்களும் 65,000-க்கு மேல்.

மறுபடி மரம் போடுவது எப்படி நடக்கிறது?

சின்ன ஓடை என்றால் கரைமரத்தையே உள்ளே சாய்ப்பார்கள், அல்லது கேபிள் போட்டு இழுப்பார்கள். சாலை இல்லாத இடத்துக்கு ஹெலிகாப்டர். பெரிய ஆற்றுக்கு வேர்த்தூரோடு கூடிய மரங்களைப் பின்னிப் பின்னி அடுக்கி, கற்களால் எடையேற்றி, அடைசலையே கட்டுமானமாக எழுப்புகிறார்கள். வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையே இரண்டு அணைகள் அகற்றப்பட்டன. அதற்கு முன்பிருந்தே லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் கீழ் ஆற்றில் இப்படிப் பல அடைசல்களைக் கட்டிவந்தார்கள்.

2018-இல் ஓரிகனில் மெக்கென்சி ஆற்றின் தெற்குக் கிளையில் செய்தது இன்னும் துணிச்சலானது. ஒற்றைக் கால்வாயாகக் குறுகிப்போயிருந்த ஆற்றை மண்போட்டு மேடாக்கி, சமவெளி முழுக்க மரத்தைப் பரப்பி, தண்ணீர் தன் வழியைத் தானே தேடட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அது பல கிளைகளாகப் பிரிந்து சதுப்பாக ஓடுகிறது. வரைபடம் போட்டு ஆற்றை வளைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

மரத்துக்குப் பதில் பாறையைப் போட்டால் போதாதா?

மடு உண்டாகும். சருகு அவ்வளவாக நிற்காது, புழுவுக்கு மேயத் தோல் இருக்காது, இடுக்கும் கிளையும் கம்மி. அவசரத்துக்குச் சரி.

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. பாலத்தின் தூணிலும் சாலைக்கு அடியில் உள்ள குழாய் மதகிலும் கட்டை மாட்டினால் சாலையே போகும். மதகைப் பெரிதாக்குவதுதான் சரியான வழி, செலவும் அதிகம். படகு ஓட்டுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து: கிளைகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து போகும், ஆள் போக முடியாது. ஓட்டம் உடலைக் கட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நல்ல நீச்சல்காரர்களும் இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். படகு விடும் ஆறுகளில் எங்கே மரம் போடலாம் என்று முதலில் பார்ப்பதும், எச்சரிக்கைப் பலகை வைப்பதும் அதனால்தான்.

கரையில் எவ்வளவு அகலத்துக்கு மரத்தை விட வேண்டும்?

அந்தப் பகுதியின் கூட்டரசுக் காடுகளுக்கான 1994-ஆம் ஆண்டுத் திட்டம், மீன் வாழும் ஓடைகளுக்கு இருபுறமும் 300 அடி, அல்லது அந்த மண்ணில் வளரக்கூடிய மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அதை ஒதுக்கியது. மர உயரம் அளவுகோலாக வந்ததற்குக் காரணம் எளிது: ஓடையிலிருந்து ஒரு மர உயரத்துக்கு அப்பால் நிற்கும் மரம் சாய்ந்தால் தண்ணீருக்கு எட்டாது. தனியார் நிலத்தில் ஒதுக்கும் அகலம் இதைவிடக் குறைவு.

மரம் நட்டால் எப்போது பலன்?

ஒரு மீட்டர் தடிமனுள்ள டக்ளஸ் ஃபிர் வேண்டும் என்றால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், அப்புறம் அது விழவும் வேண்டும். ஹெலிகாப்டரில் கொண்டுவந்து போடுவது அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

காட்டுத்தீயில் கரைமரம் எரிந்தால் ஓடையின் கதி?

2023 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய லுக்அவுட் தீ, ஆண்ட்ரூஸ் காட்டின் பெரும்பகுதியில் பரவியது. உடனடிப் பாதிப்பு நிழல் போவதும், முதல் மழைகளில் சாம்பலும் வண்டலும் இறங்குவதும். ஆனால் கடும் தீயிலும் பெரிய மரம் பெரும்பாலும் முழுக்க எரிந்துபோவதில்லை, செத்து நிற்கும். அப்படி நிற்பவை அடுத்த பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகச் சாயும், அவற்றில் ஒரு பங்கு ஓடைக்குள் விழும். தீப்பட்ட காடுகளில் கரையோரம் செத்து நிற்கும் மரத்தை வெட்டி விற்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு தீக்குப் பிறகும் அங்கே சண்டை நடப்பது இதனால்தான். ஓடைகளை ஆராய்பவர்களைக் கேட்டால், சாலைமேல் விழும் என்று பயமிருக்கிற மரத்தை மட்டும் வெட்டுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள் என்பார்கள்.